கல்கத்தாவின் சீனப் பெருஞ்சுவர்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், அமிர்தி)



போன வருஷம் மண்டல கால்பந்துப் போட்டியில் நம்ம பாலிடெக்னிக் டீம் அரையிறுதியில் 1-0 என்று தோற்றது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அன்று ராத்திரி கடைசி பஸ் பிடித்து அமிர்தியில் போய் இறங்கினேன். அப்பா கொல்லையில் பரண் மேலே இருந்தார். சாமைக் கதிர் முற்றுகிற சமயம். அசந்தால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எத்தினி கோலு போட்ட?” என்று கேட்டார்.

“நான் போடலப்பா. நான் பேக்.”

“பேக்குன்னா?”

“கடைசியில நிக்கிறவன். எதிராளி கோல் போடாம பாத்துக்கணும்.”

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ காவல்னு சொல்லு” என்றார். அப்புறம் தகரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “காவலுக்கு இன்னாடா கணக்கு? பன்னி தின்னதுதான் கணக்குல வரும். தின்னாம போனத எவன் எண்ணுறான்?” என்றார்.

நண்பர்களே, மூன்று வருஷமாக நான் ஆடுகிற இடத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. முழு மேட்ச் ஒன்றுகூடப் பார்த்தவர் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆளே நான்தான்.

இந்த ஆண்டு மலருக்கு விளையாட்டுக் கட்டுரை எழுதச் சொன்னபோது பீலே, மாரடோனா, மெஸ்ஸி என்று யாரையாவது எழுதுவேன் என்றுதான் நண்பர்கள் நினைத்தார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு காவல்காரரைப் பற்றி. இருபது வருஷத்துக்கும் மேல் ஒரே கிளப்பில், வெறுங்காலோடு, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களுக்கு எதிரே கடைசி வரிசையில் நின்றவர். அவர் பெயர் கோஷ்ட பால்.

யார் இந்த கோஷ்ட பால்?

முழுப் பெயர் கோஷ்ட பிஹாரி பால். 1896 ஆகஸ்ட் 20-ந் தேதி அன்றைய கிழக்கு வங்காளத்தில் ஃபரீத்பூர் மாவட்டம் போஜேஸ்வர் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. சிறு வயதிலேயே கல்கத்தாவுக்கு, அதாவது இன்றைய கொல்கத்தாவுக்கு வந்துவிட்டார். பதினாறு, பதினேழு வயதிலேயே மோகன் பகான் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. நாம் டிப்ளமோ முதல் வருஷம் சேருகிற வயசு! அதன்பின் 1935 வரை அந்தக் கிளப்பை விட்டு அவர் போகவே இல்லை. 1921 முதல் 1926 வரை கிளப்பின் கேப்டன்.

மோகன் பகான் கிளப்பைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். 1889-ல் தொடங்கிய கிளப் அது. 1911 ஜூலை 29-ந் தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று ஜெயித்தது. பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலில் ஆடினார்கள். ஆளுகிறவனை ஆட்டத்திலாவது ஜெயிக்க முடியும் என்று நாட்டுக்கே தெரிந்த நாள் அது.

அந்த வெற்றிக்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில்தான் கோஷ்ட பால் உள்ளே வருகிறார். யோசித்துப் பாருங்கள். அண்ணன்மார் கோப்பை வாங்கி நிமிர்ந்து நிற்கும் வீட்டில் நீங்கள் தம்பியாகப் போய் நிற்கிறீர்கள். ஜனங்கள் ஒவ்வொரு வருஷமும் இன்னொரு 1911-ஐ எதிர்பார்க்கிறார்கள். அந்தப் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டுதான் அவர் ஆடத் தொடங்கினார்.

இரண்டு பேர் காவல்

இப்போது நம் டீமில் பின்னால் நான்கு பேர் நிற்கிறோம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. கோல்கீப்பர் ஒருவர், அவருக்கு முன்னால் பேக் இருவர், அவர்களுக்கு முன்னால் ஹாஃப் பேக் மூவர், முன் வரிசையில் ஃபார்வர்டு ஐவர். மொத்தம் பதினொன்று. அதாவது ஐந்து பேர் தாக்க வருவார்கள்; ஹாஃப் பேக் மூவரையும் தாண்டிவிட்டால் எதிரே நிற்பது இரண்டே இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர்தான் கோஷ்ட பால்.

ஐந்துக்கு இரண்டு எப்படிப் போதும் என்று கேட்கலாம். இங்கேதான் ஆஃப்சைடு சட்டம் வருகிறது. நம்மில் பல பேர் ஆடுகிறோமே தவிர இந்தச் சட்டத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

1925-க்கு முன்னால் இருந்த சட்டம் இது: தாக்குகிறவனுக்கு முன்னே பந்து அடிக்கப்படும் அந்த விநாடியில், அவனுக்கும் எதிரணி கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணி ஆட்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்சைடு. கீப்பர் ஒருவர், பேக் இருவர், ஆக மூன்று. இப்போது ஒரு பேக் மட்டும் நாலு அடி முன்னே வந்துவிட்டால்? தாக்குகிறவனுக்குப் பின்னால் இருப்பது இரண்டு பேர்தான். விசில் ஊதிவிடுவார்கள். ஒருவேளை கணக்குத் தப்பினால்கூடப் பரவாயில்லை, இன்னொரு பேக் பின்னால் காவலுக்கு இருப்பார். இங்கிலாந்தில் நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் என்ற பேக் இதை ஒரு தொழிலாகவே செய்து எதிரணிகளை அழவைத்தார். கோல் விழுவது குறைந்து ஆட்டமே சப்பென்று ஆனது.

அதனால் 1925-ல் சட்டத்தை மாற்றினார்கள். மூன்று பேர் என்பது இரண்டு பேர் ஆனது. அடுத்த ஒரே சீசனில் இங்கிலாந்து லீக்கில் விழுந்த கோல்கள் 4,700-லிருந்து 6,373 ஆக ஏறின. ஒரே ஒரு எண் மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம்! ஏனென்றால் இனி ஒரு பேக் முன்னே வந்து ஏமாந்தால், பின்னே இருப்பது கீப்பர் மட்டும்தான். பேக்கின் ஒவ்வொரு தப்பும் கோல் ஆகும் காலம் வந்துவிட்டது. இதைச் சமாளிக்க, நடுவில் ஆடிய ஹாஃப் பேக்கைப் பின்னே இழுத்து மூன்றாவது பேக் ஆக்கினார்கள் இங்கிலாந்தின் ஆர்சனல் போன்ற அணிகள்.

கோஷ்ட பாலின் ஆட்ட வாழ்க்கையில் இந்தச் சட்ட மாற்றம் சரியாக நடுவில் விழுகிறது. பழைய சட்டத்தில் ஒரு பன்னிரண்டு வருஷம், புதிய சட்டத்தில் ஒரு பத்து வருஷம். கற்ற வித்தை பாதியில் செல்லாமல் போனாலும், புதுசாகக் கற்றுக்கொண்டு அதே இடத்தில் நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. சிலபஸ் மாறியதும் நாம் போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அரையிறுதியில் விழுந்த அந்த ஒரே கோல் என் பக்கம்தான் வந்தது. ஆஃப்சைடு ஆக்கிவிடலாம் என்று நான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தேன். பந்து அதற்குள் கிளம்பிவிட்டது. லைன்ஸ்மேன் கொடி ஏறவில்லை. அவர் மேல் தப்பில்லை. அரை விநாடி நான் லேட். என் பின்னால் கீப்பர் மட்டும்தான் இருந்தான். 1925-ஐப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த அரை விநாடிதான் ஞாபகம் வந்தது.

வெறுங்காலும் சேறும்

கோஷ்ட பால் வெறுங்காலில் ஆடினார் என்றதும் “வசதியில்லாமல்” என்று சிலர் நினைக்கலாம். அது மட்டும் காரணமல்ல. கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடுவதுதான் அன்றைய நம் நாட்டு ஆட்டக்காரர்களின் பழக்கம். காய்ந்த தரையில் அதற்கு நல்ல லாபமும் உண்டு. பந்து காலில் எங்கே படுகிறது என்று தோலுக்கே தெரியும். சட்டென்று திரும்பலாம். கால் கனக்காது. மலையில் வளர்ந்த எனக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலிடெக்னிக் வந்த பிறகுதான் நான் பூட்ஸே போட்டேன். முதல் ஒரு மாதம் யாரோ ஒருத்தர் காலை இரவல் வாங்கி ஆடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் கல்கத்தாவில் கால்பந்து சீசன் கோடையில் தொடங்கி மழைக்காலத்தில் முடிந்தது. லீக் பாதியில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொள்ளும். ஷீல்டு ஆட்டங்கள் நடந்தது கொட்டுகிற மழையில். அப்போது வெறுங்கால் என்ன ஆகும்? நம்ம பாடத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அறுபது கிலோ ஆள் ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விசை சுமார் 600 நியூட்டன். பாதம் தரையில் படும் பரப்பு தோராயமாக 100 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 நியூட்டன். இதே ஆள் பூட்ஸ் போட்டு, அடியில் ஆறு குமிழ்கள், ஒவ்வொன்றின் முனையும் 1 சதுர சென்டிமீட்டர் என்றால், பரப்பு 6. அழுத்தம் 100 நியூட்டன். பதினாறு மடங்குக்கும் மேல். ஆகவே குமிழ் சேற்றைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கி, அடியில் உள்ள கெட்டி மண்ணைப் பிடித்துவிடும். அதன்பின் அந்த ஆள் வழுக்க வேண்டுமானால் மண்ணே அறுந்து நகர வேண்டும். வெறுங்காலோ சேற்றின் மேலே மிதந்து நிற்கிறது. லூப்ரிகேஷன் பாடத்தில் படிக்கிறோமே, இரண்டு பரப்புக்கு நடுவில் எண்ணெய்ப் படலம் என்று, அந்த வேலையை இங்கே சேறு செய்கிறது.

இது வெறும் தியரி இல்லை. 1923-ல் மோகன் பகான் மறுபடியும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிக்குப் போனது. பன்னிரண்டு வருஷம் கழித்து! கேப்டன் கோஷ்ட பால். எதிரணி கல்கத்தா எஃப்.சி., முழுக்க வெள்ளைக்காரர் கிளப். மழையில் மைதானம் ஊறிக் கிடந்தது. 3-0 என்று மோகன் பகான் தோற்றது. அதே 1923-ல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையிலும் இறுதி வரை போய்த் தோற்றார்கள். 1925-ல் சிம்லாவில் ராணுவ அணிகளின் கோட்டையாக இருந்த டூரண்ட் கோப்பைக்குப் போய் அரையிறுதி வரை முன்னேறினார்கள். அங்கேயும் கோப்பை இல்லை.

கோப்பை வராத கணக்கு

இங்கேதான் நண்பர்களே, நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் லைப்ரரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய வருஷங்களைப் பாருங்கள். 1911. அதற்கு அடுத்தது 1947. கல்கத்தா லீக்கை அவர்கள் முதன்முதலாக வென்றது 1939-ல். கோஷ்ட பால் ஆடியதோ ஏறக்குறைய 1913 முதல் 1935 வரை. அதாவது கல்கத்தாவின் இந்த இரண்டு பெரிய பரிசுகளில் ஒன்றைக்கூட அவர் காலத்தில் மோகன் பகான் தொட்டதில்லை. முதல் ஷீல்டுக்கு அவர் லேட். முதல் லீக்குக்கு அவர் முந்தி.

ஆடுகளமும் சமமாக இல்லை. 1911-ல் ஷீல்டு வாங்கிய பிறகும் இந்தியக் கிளப்புகளை லீக்கில் சேர்க்கவில்லை. 1914-ல் இரண்டாம் டிவிஷனில் இடம் கொடுத்தார்கள். 1915-ல்தான் மோகன் பகான் முதல் டிவிஷனுக்கு வந்தது. முதல் டிவிஷனில் இந்தியக் கிளப் இரண்டுக்கு மேல் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1924-ல் ஈஸ்ட் பெங்கால் மேலே வர வேண்டிய நிலை வந்தபோதுதான் அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. பூட்ஸ் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். அதற்கு நடுவில்தான் அந்த ஆள் நின்றார்.

அந்தக் காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளமும் கிடையாது. கிளப் மாறினால் லட்சம், கோடி என்ற பேச்சும் கிடையாது. கால்பந்தோடு கிரிக்கெட், ஹாக்கியும் கிளப்புக்காக ஆடியிருக்கிறார். பின்னே எதற்காக நின்றார்? அவர் எங்கே, எப்படிச் சொன்னார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இருபது வருஷத்துக்கும் மேல் அதே இடத்தில் நின்றதே பதில்தான்.

ஆனால் ஜனங்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். பரிசுப் பட்டியலைப் பார்த்து அவருக்குப் பேர் வைக்கவில்லை. வெள்ளைக்கார ஃபார்வர்டுகள் பூட்ஸ் காலோடு பாய்ந்து வரும்போது, வெறுங்காலோடு எதிரே போய்ப் பந்தைப் பிடுங்கி மைதானத்தின் மறு பாதிக்கு உதைத்து அனுப்பியதைப் பார்த்து வைத்தார்கள். “சீனேர் ப்ராசீர்” என்றார்கள் வங்காளத்தில். சீனப் பெருஞ்சுவர் என்று அர்த்தம்.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மலைப்பாதையில் ரீடெய்னிங் வால் கட்டுகிறார்களே, பஸ்ஸில் போகிற எவனாவது அதைப் பார்த்துக் கை தட்டுவானா? அது சரிந்து விழுந்த அன்றுதான் ஃபோட்டோ பிடிக்க வருவார்கள். அப்படிப்பட்ட வேலையைச் செய்தவனைப் பார்த்து, நின்றுகொண்டிருக்கும்போதே “சுவர்” என்று பேர் வைத்த கல்கத்தா ஜனங்களை நான் மெச்சுகிறேன்.

அவர் பெற்ற மரியாதைகள்

1933-ல் இலங்கைக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு கோஷ்ட பால்தான் கேப்டன். ஆட்டத்தை விட்ட பிறகும் ஜனங்கள் அவரை மறக்கவில்லை. 1962-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பத்மஸ்ரீ அதுதான். 1976 ஏப்ரலில் அவர் காலமானார். கல்கத்தா மைதானத்தில் ஈடன் கார்டன்ஸ் பக்கம் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு சாலைக்கே கோஷ்ட பால் சரணி என்று அவர் பெயர். 1998-ல் தபால்தலையும் வெளியிட்டார்கள்.

கோல் போட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சிலை வைத்தது ஒரு பேக்குக்கு. இதை ஹாஸ்டலில் சொன்னபோது நம்ப மறுத்த நண்பர்கள் இருக்கிறார்கள்!

சுவருக்குப் பின் சுவர்

அவர் போன பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் கல்கத்தா லீக்கை வென்றது. இந்தியக் கிளப் ஒன்று அதை வென்றது அதுவே முதல் தடவை. அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் வென்றார்கள். காரணங்களில் ஒன்று, ஈரத் தரையில் அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடியது. நம்ம அழுத்தக் கணக்கு பலித்துவிட்டது பாருங்கள். ஆனாலும் நாடு முழுக்க வெறுங்கால் பழக்கம் உடனே போகவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிரே நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடி, இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு, 2-1 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிய அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

1948-ல் அந்த இந்திய அணியின் கேப்டன் டி. ஆவ். நாகா மலையில் சாங்கி என்ற ஊரில் பிறந்து, டாக்டர் படிப்புக்காகக் கல்கத்தா போனவர். படித்துக்கொண்டே மோகன் பகானில் ஆடி அங்கே கேப்டனும் ஆனார். ஆட்டத்தை முடித்துக்கொண்டு டாக்டராகவே தன் மலைக்குத் திரும்பினார். மலையிலிருந்து வந்தவன் என்பதால் இந்த ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

அதே மோகன் பகானில் அதே பின்வரிசையில் அடுத்து வந்தவர் சைலேன் மன்னா. 1942 முதல் 1960 வரை அந்த ஒரே கிளப். 1951-ல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது அவர்தான் கேப்டன். அவருக்குப் பின் 1959-ல் வந்தார் பஞ்சாபின் ஜர்னைல் சிங். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்து ஆட்டத்தில் அவருக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். பேக்காக ஆட முடியாத அவரைப் பயிற்சியாளர் ரஹீம் அரையிறுதியில் முன்வரிசைக்கு அனுப்பினார். தலையில் கட்டோடு போய் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ந் தேதி இறுதியில் தென் கொரியாவுக்கு எதிரே இன்னொரு கோல். இந்தியா 2-1 என்று தங்கம் வாங்கியது.

கோஷ்ட பாலுக்குக் கிடைக்காத கோப்பைகள் இவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் “மோகன் பகான் பேக் என்றால் சும்மா இல்லை” என்ற பேரை அவர்தான் சம்பாதித்து வைத்துவிட்டுப் போனார். ஒரு குடும்பத்தில் முதலில் வீட்டைத் தாண்டிப் படிக்க வருகிறவனுக்கு இது புரியும். அவன் பெயருக்குப் பின்னால் பெரிய பட்டம் வராமல் போகலாம். ஆனால் தம்பி, தங்கை அப்ளிகேஷன் போடும்போது பயப்பட மாட்டார்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

எங்கள் ஊரில் நாங்கள் பந்து ஆடுகிற இடம் சரிவு. ஒரு பக்கம் கோலைத் தாண்டினால் பந்து உருண்டு கானாற்றில்தான் போய் நிற்கும். கடைசியில் நிற்கிறவன்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். சின்னப் பையனாக இருந்ததால் அந்த இடத்தை என் தலையில் கட்டினார்கள். ஆற்றில் இறங்கச் சலித்துப் போய்தான் பந்தை விடாமல் தடுக்கக் கற்றுக்கொண்டேன். நான் பேக் ஆன கதை இவ்வளவுதான். பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

இந்த வருஷம் முதலாண்டுத் தம்பிகள் இருபத்தேழு பேர் டீம் தேர்வுக்கு வந்தார்கள். “எந்த இடம்?” என்று பி.டி. சார் கேட்டதற்கு இருபத்தைந்து பேர் “ஃபார்வர்டு சார்” என்றார்கள். ஒருவன் கீப்பர். இன்னொருவன் “எதுனாலும் சரி சார்” என்றான். பேக் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவேன். என்னோடு நிற்கும் மற்ற மூவரில் இரண்டு பேரும் இறுதியாண்டுதான். அப்புறம் அந்த இடத்தில் யார் நிற்பது?

தம்பிகளே, பேக் ஆடினால் நோட்டீஸ் போர்டில் பேர் வராது என்பது உண்மைதான். தப்பு செய்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும் என்பதும் உண்மைதான். அதையெல்லாம் மறைத்து உங்களை இழுக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பின்னால் ஆள் இல்லாத டீம் எத்தனை கோல் போட்டாலும் தோற்கும். ஆர்வமுள்ளவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். அந்த அரை விநாடிப் பாடத்தை முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது கோஷ்ட பாலைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “கப்பு வாங்காத ஆளுக்கா செலை வச்சாங்க?” என்றார்.

“ஆமாப்பா.”

“காவக்காரனுக்குச் செலை வச்ச ஊரு நல்ல ஊருடா” என்று சொல்லிவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் கிளம்பிவிட்டார்.